சொகுசுக் கப்பல் கட்டணத்தில் எல்லாப் பானங்களும் அடங்க வேண்டுமா?

வண்டிச்சோலைக்காரர் (குன்னூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலை பதப்படுத்துவதை மேற்பார்க்கும் டீ மேக்கராக 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்காக என்னையும் மனைவியையும் மத்தியதரைக் கடலில் 10 இரவுகள் செல்லும் கப்பல் பயணத்துக்கு அனுப்ப மகள் விரும்புகிறாள். கோயம்புத்தூரில் உள்ள பயண முகவர் இரண்டு விலைகளை அனுப்பியிருக்கிறார். முதலாவது, ஐயாயிரம் பேர் போகும் பெரிய கப்பல். அதில் கட்டணம் குறைவு. ஆனால் மதுவுக்கும் குளிர்பானத்துக்கும் இணையத்துக்கும் பணியாளர் அன்பளிப்புக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். இரண்டாவது, எழுநூறு பேர் போகும் சொகுசுக் கப்பல். அதன் கட்டணம் முதலாவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் கப்பலில் குடிக்கும் எதற்கும் பணம் கேட்க மாட்டார்கள்.

முகவர் தொலைபேசியில், "சார், இதில் எல்லாம் உள்ளே வந்துவிடும்" என்றார். எல்லாம் என்றால் என்னென்ன என்று கேட்டேன். ஷாம்பெயின், ஒயின், விஸ்கி, காக்டெயில் என்று ஒரு நிமிடம் விடாமல் சொன்னார். தேநீர் எப்படி என்று கேட்டபோது சற்று நின்று, "அது எல்லாக் கப்பலிலும் இருக்கும் சார்" என்றார். அந்தப் பதில்தான் என்னை இங்கே எழுத வைத்தது.

நானும் என் மனைவியும் மது அருந்துவதில்லை. அருந்துபவர்கள்மீது எனக்குக் குறையும் இல்லை. ஆனால் நான் தொடப்போகாத புட்டியின் விலையை என் கட்டணத்துக்குள் வைத்துவிட்டு, அதையே எனக்குச் செய்த சலுகையாகச் சொல்வது முறையா? தண்ணீர், தேநீர், காபி, பழச்சாறு ஆகியவை கட்டணத்தில் அடங்க வேண்டும், மதுவை வேண்டுவோர் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இப்போதைக்கு என் எண்ணம். கப்பலில் போனவர்களும் இந்தத் தொழில் தெரிந்தவர்களும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

உதகை விடுதியாளர்

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் உங்கள் முடிவுடன் நான் மாறுபடுகிறேன். உதகையில் விடுதித் தொழிலில் எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழக்கம் உண்டு. எங்கள் தொழிலில் ஈ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் காலை உணவும் சேர்ந்தது, எம்.ஏ.பி. என்றால் இரண்டு வேளை, ஏ.பி. என்றால் மூன்று வேளை. ஏப்ரல், மே சீசனில் ஏ.பி. எடுத்து வருகிற குடும்பம் அறையைக் காலி செய்யும்போது வரவேற்பு மேசையில் நின்று சச்சரவு செய்வது மிகக் குறைவு. அறை மட்டும் எடுத்தவர்களிடம்தான், ஒரு தட்டு பஜ்ஜிக்கும் இரண்டு தேநீருக்கும் எழுதிய ரசீதைக் காட்டி நாங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். விருந்தினர் நான்கு நாள் எங்களிடம் மகிழ்ச்சியாக இருந்ததை அந்தக் கடைசிப் பத்து நிமிடம் கெடுத்துவிடும்.

சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் இதை நன்கு அறிந்தவை. சில்வர்சீ நிறுவனம் 1994இல் சில்வர் கிளவுட் என்ற முதல் கப்பலை இறக்கிய காலத்திலிருந்தே பானங்களைக் கட்டணத்துக்குள் வைத்திருக்கிறது. சீபோர்ன், ரீஜென்ட் செவன் சீஸ் ஆகியவையும் அதே வழியில் நடக்கின்றன. ஒருவருக்கு நாளொன்றுக்கு 500 டாலருக்கும் மேல் வாங்கிவிட்டு, மாலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு கோப்பைக்கு ரசீதை நீட்டிக் கையொப்பம் கேட்பது விருந்தோம்பல் ஆகாது.

நடுக்கடலில் நம் மாநிலத்தைப் போன்ற மதுவரி கிடையாது என்பதையும் கவனியுங்கள். நம் ஊரில் ஒரு புட்டியின் விலையில் பெரும்பகுதி வரிதான். கப்பலுக்கு அடக்க விலை அவ்வளவு ஆவதில்லை. ஆகவே உங்கள் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கும் மதுவின் பங்கு நீங்கள் அஞ்சுகிற அளவு பெரிதாக இருக்காது. சிறிய கப்பல், பெரிய அறை, இரண்டு பயணிக்கு ஒருவர் என்ற கணக்குக்குக் குறையாத பணியாளர்கள் ஆகியவையே அந்த இரண்டு மடங்குக்கு முதன்மைக் காரணம்.

கொடை ஆசிரியை (கொடைக்கானல்)

நாங்கள் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பலில் நான்கு இரவுகள் போய் வந்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடி மேசையின் மேல் இரண்டு தண்ணீர்ப் புட்டிகள் இருந்தன. வெயிலில் வரிசையில் நின்று வந்த களைப்பில் என் மாமியார் ஒன்றைத் திறந்து குடித்துவிட்டார். புட்டியின் கழுத்தில் மாட்டியிருந்த சிறிய அட்டையில் விலை அச்சிட்டிருந்ததை அதன் பிறகுதான் என் மகன் படித்துக் காட்டினான். விலை பெரிதன்று. ஆனால் அந்த நான்கு நாளும் மாமியார் அறையில் எதைத் தொடுவதற்கும் முன்னால் "இதுக்குக் காசாம்மா?" என்று என்னிடம் கேட்டார். குளிர்பதனப் பெட்டியைத் திறக்கவே இல்லை. எழுபது வயதில் முதன்முதலாகக் கடலுக்குள் போன ஒருவரை அப்படித் தயங்க வைத்தது எனக்கு இன்னும் மனத்தில் உறுத்தலாகவே இருக்கிறது.

கப்பல்கள் கடல்நீரைக் காய்ச்சி வடித்தும் சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டியும் தாங்களே நன்னீர் உண்டாக்கிக்கொள்கின்றன. அறைக் குழாயில் வருவதும் குடிக்கத் தக்க நீர்தான். அப்படியிருக்க, புட்டித் தண்ணீரை விலைக்கு வைப்பது தேவைக்காகச் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் புட்டிக்கு 20 ரூபாய் பசுமை வரி வாங்குகிறார்கள். மலையைக் காக்க அந்த வரியை மனமுவந்து கட்டலாம். கப்பலில் வாங்கும் விலைக்கு அத்தகைய நோக்கம் எதுவும் இல்லை.

மதுவைப் பற்றி எனக்குத் திட்டமான கருத்து இல்லை. தண்ணீரையும் குழந்தைகளின் பழச்சாற்றையும் விற்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

கோத்தகிரி அக்கா

உதகை அண்ணா சொன்னது விடுதிக்காரரின் பார்வை. நான் மருத்துவமனையில் வேலை செய்தவள். எங்கள் ஹட்டியிலும் (படுகர் ஊர்) எங்கள் வீட்டிலும் குடி என்ன செய்யும் என்று பார்த்தவள். என் தம்பி நாற்பத்து மூன்று வயதில் கல்லீரல் கெட்டு இறந்தான். அதனால் இதை நான் கணக்கு வழக்காக மட்டும் பார்க்க முடியாது.

ஒவ்வொரு கோப்பைக்கும் விலை இருந்தால், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் மனிதன் ஒரு கணமாவது யோசிப்பான். முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் அந்தக் கணம் போய்விடும். அதற்கு மேல், கட்டிய பணத்தை வீணாக்கக் கூடாது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். கல்யாணப் பந்தியில் வயிறு நிறைந்த பிறகும் இன்னொரு இனிப்பை வாங்கிக்கொள்கிறோம் அல்லவா? சிறிய தொகைகூட மனிதரின் நடத்தையை மாற்றும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. காட்டு யானைகளின் கால்களை உடைந்த மதுப்புட்டிகள் கிழிப்பதைத் தடுக்க, உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் கடைகளில் புட்டிக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைத் திரும்பக் கொடுக்கும் முறை தொடங்கியது. சோலை ஓரங்களிலும் சாலை வளைவுகளிலும் வீசி எறிந்தவர்களே புட்டியைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டு வந்தார்கள். பத்து ரூபாய்க்கு அந்த வலிமை உண்டென்றால், கோப்பைக்குப் பத்து டாலர் என்பதற்கு இராதா?

உதகை விடுதியாளர்

அக்கா, உங்கள் இழப்பை அறிந்து வருந்துகிறேன். அதை வாதமாக எடுத்து நான் மறுத்துப் பேச மாட்டேன்.

புட்டித் திட்டத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் 10 ரூபாய் புட்டியைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. குடிப்பதைக் குறைத்ததாக எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கப்பலில் நீங்கள் அஞ்சுகிற ஆபத்து, சொகுசுக் கப்பலைவிடப் பெரிய கப்பல்கள் தனியே விற்கும் பானப் பொதியில்தான் (பேக்கேஜ்) அதிகம். அங்கே நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்டியவர் அதை ஈடு செய்ய வேண்டும் என்று எண்ணுவார். கார்னிவல் நிறுவனம் தன் பொதியில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானங்கள் என்று எல்லை வைத்திருக்கிறது. பதினைந்து என்ற எண்ணை எல்லையாக வைக்க வேண்டியிருக்கிறது என்றால், அதை நெருங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? பொதியே வாங்க வேண்டாத கப்பலில் அந்தப் போட்டி மனம் உண்டாக இடமில்லை. எல்லோருக்கும் பொதுவானதை யாரும் ஈடு செய்ய முனைவதில்லை.

கூடலூர்க் கப்பல் பணியாளர்

நான் கப்பலில் வேலை செய்கிறவன். ஆறு ஆண்டுகள் பெரிய கப்பல்களில் பார் வெயிட்டராக இருந்தேன்; இப்போது மூன்று ஆண்டுகளாகப் பானங்களைக் கட்டணத்தில் அடக்கிய சிறிய கப்பலில் இருக்கிறேன். ஒப்பந்தம் முடிந்து விடுமுறையில் வந்திருக்கிறேன். இரண்டு முறையிலும் தட்டு ஏந்தி நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பெரிய கப்பலில் ஒவ்வொரு பானத்தின் விலையோடும் 18 அல்லது 20 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்துவிடும். எங்கள் வருமானத்தின் பெரும்பகுதி அதில்தான் இருந்தது. ஆகவே நீச்சல்குளத்தின் ஓரத்தில் படுத்திருப்பவரைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அன்றைய சிறப்புக் காக்டெயிலை வண்ணக் கோப்பையோடு எடுத்துக் காட்ட வேண்டும். மேற்பார்வையாளர் இரவில் அவரவர் விற்பனைத் தொகையைப் பார்ப்பார். ஒருநாள் மாலை ஒரு முதியவர் ஒரே ஒரு எலுமிச்சைச் சாறு கேட்டார். கொண்டுபோய் வைத்துவிட்டு நகர்ந்தபோது, "தம்பி, உன்னை வீணாக நடக்க வைத்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் வருந்திச் சொன்னார். என் நடையிலும் முகத்திலும் அவசரம் தெரிந்திருக்க வேண்டும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது இருக்கும் கப்பலில் தண்ணீர் கேட்டாலும் விலை உயர்ந்த விஸ்கி கேட்டாலும் எனக்கு ஒன்றுதான். விருந்தினரின் பெயரையும் அவர் எதை விரும்புவார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள எனக்கு நேரம் இருக்கிறது. இரண்டாம் நாளே அவர் உட்காரும் இடத்துக்கு அவர் குடிப்பது போய்விடும்.

கோத்தகிரி அக்காவின் அச்சத்துக்கு என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பயணத்தின் முதல் இரண்டு இரவுகள் எல்லோரும் சற்று மிகுதியாகவே குடிப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து, இது எப்போதும் கிடைக்கும் என்பது மனத்தில் பதிந்த பிறகு, பெரும்பாலோர் தம் வழக்கமான அளவுக்குத் திரும்பிவிடுவார்கள். மாறாக, வீணாவது அதிகம். பாதி குடித்த கோப்பைகள் நிறையத் திரும்பி வரும். அளவை மீறியவருக்கு ஊற்ற மறுக்கும் உரிமையும் கடமையும் இரண்டு வகைக் கப்பலிலும் எங்களுக்கு உண்டு. ஆனால் விற்பனைத் தொகை பார்க்கப்படும் இடத்தைவிட, பார்க்கப்படாத இடத்தில் அந்த மறுப்பைச் சொல்வது எளிது.

கோத்தகிரி அக்கா

தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்னதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஊற்றுகிறவரின் பிழைப்பே ஊற்றும் அளவில் இருந்தால் அவர் எப்படி மறுப்பார் என்ற கேள்வி எனக்கு வேலை நாட்களிலேயே தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும், குடியை விட்டவர் ஒருவர் அத்தகைய கப்பலில் ஏறினால், கண்ணில் படும் ஒவ்வொரு தட்டிலும் அது நிற்கும். என் தம்பியை நான் அங்கே அழைத்துப் போயிருக்க மாட்டேன்.

தாண்டிக்குடி காபிக்காரர்

ஒரு சிறு குறிப்பு. பல பெரிய கப்பல்களில் பொது உணவுக்கூடத்தில் வைத்திருக்கும் வடிகாபி இலவசம். பக்கத்துக் கடையில் இயந்திரத்தில் எடுத்துத் தரும் எஸ்பிரசோவுக்கும் கப்பச்சினோவுக்கும் விலை உண்டு. இலவசக் காபி பெரிய கலத்தில் நெடுநேரம் சூட்டிலேயே நின்று கசந்திருக்கும். கீழ்ப்பழனி மலையில் சில்வர் ஓக், ஆரஞ்சு மர நிழலில் காபி வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இலவசமாகக் கொடுப்பதை மோசமாகக் கொடுத்து, நல்லதை விலைக்கு வைப்பதைக் காட்டிலும், இரண்டையும் விலைக்கே வைத்து இரண்டையும் நன்றாகக் கொடுக்கலாம்.

வண்டிச்சோலைக்காரர் (குன்னூர்)

எல்லோரும் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. இரண்டு நாளாக மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பெரிய கப்பலில் மதுப் பொதியின் விலை கப்பலுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். நாளொன்றுக்கு 80 டாலர் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கு 10 நாளுக்கு 1,600 டாலர். 18 சதவீதம் சேவைக் கட்டணம் 288 டாலர். ஆக மொத்தம் 1,888 டாலர். டாலரை 85 ரூபாய் என்று கொண்டால் ஏறத்தாழ 1,60,000 ரூபாய். குடிக்கும் தம்பதிக்கு இது பெரிய தொகை. பயணத்தின் இடையில் சில நாளுக்கு மட்டும் வாங்கவும் பெரும்பாலும் முடியாது. இதைவிட வியப்பு, ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில் ஒரே அறையில் உள்ள பெரியவர்களில் ஒருவர் மதுப் பொதி வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்ற விதி. கணவர் மட்டும் குடித்து மனைவி குடிக்காத வீடுகளே நம் ஊரில் மிகுதி. ஒரே பொதியை இருவர் பகிர்ந்துகொள்வார்கள் என்ற ஐயத்தில் இந்த விதியை வைத்திருக்கிறார்கள். அதன் விளைவாக, குடிக்காத அந்தப் பெண் தொடாத மதுவுக்கு முழு விலை கொடுக்கிறார். சொகுசுக் கப்பலில் குடிக்காதவர்மீது சுமை விழுகிறது என்று நான் முறையிட்டேன். "வேண்டுவோர் வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லும் கப்பலிலும் அதே சுமை, இன்னும் கூர்மையாக இருக்கிறது. இதை அறிந்த பிறகு, மதுவைத் தனியே வைத்தாலே நியாயம் வந்துவிடும் என்ற என் முதல் எண்ணத்தில் எனக்கே உறுதி இல்லை.

எங்களுக்கு மது வேண்டாம் என்பதால் அந்தத் தொகை எங்கள் கணக்கில் வராது. குளிர்பானமும் சிறப்புக் காபியும் அடங்கிய சிறிய பொதி, பணியாளர் அன்பளிப்பு, இணையம் ஆகியவற்றைச் சேர்த்த பிறகும் பெரிய கப்பல்தான் மலிவாக வருகிறது. அதாவது, குடிக்காதவர் பணத்தை மட்டும் பார்த்தால் சொகுசுக் கப்பலுக்குப் போகக் காரணமில்லை. அமைதிக்காகவும் இடத்துக்காகவும்தான் போக வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதை மகள் கண்டுபிடித்தாள். 2015இல் கடல் கப்பல்களைத் தொடங்கிய வைக்கிங் நிறுவனம் மதிய உணவோடும் இரவு உணவோடும் ஒயினையும் பீரையும் கட்டணத்திலேயே தருகிறது; சிறப்புக் காபி, தேநீர், புட்டித் தண்ணீர் ஆகியவை நாள் முழுவதும் உண்டு; அதற்கு மேல் மது வேண்டுவோர் தனிப் பொதி வாங்கிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஆற்றுக் கப்பல்கள் பலவற்றிலும் உணவோடு ஒயின் தரும் வழக்கம் இருக்கிறது. உணவோடு ஒரு கோப்பை என்பது விருந்தின் பகுதி. இரவு பத்து மணிக்கு மேல் மதுக்கூடத்தில் குடிப்பது அவரவர் விருப்பம். இந்தப் பிரிவு எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி, என்னை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். "எல்லாப் பானங்களும்" என்று சொல்லும் கப்பல்களின் விளக்க ஏடுகளை வரி வரியாகப் படித்தேன். மதுவின் பெயர்கள் ஊரோடும் வகையோடும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அரிய ஒயின்களுக்கு மட்டும் தனி விலைப் பட்டியலும் இருக்கிறது. தேநீர் என்பதற்கு ஒரு சொல்தான். எங்கள் தொழிற்சாலையில் காலை ஏழு மணிக்குச் சுவை பார்க்கும் மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை என்ற கணக்கில் போட்டு, 6 நிமிடம் மூடி வைத்து, வடித்துப் பார்ப்போம். நீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொஞ்சம் ஆறிய நீரை ஊற்றினால் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பறித்த நல்ல இலைகூட வாய் திறக்காது. ஷாம்பெயினை எந்தக் குளிர்ச்சியில் எந்தக் கோப்பையில் ஊற்ற வேண்டும் என்று பயிற்சி பெற்ற ஆள் நிற்கும் கப்பலில், வெதுவெதுப்பான நீரும் நூல் கட்டிய பையும் எனக்கு வருமானால், எல்லாப் பானங்களுக்கும் என்னிடம் பணம் வாங்கியதாக அந்த நிறுவனம் சொல்ல முடியாது. குடிக்காதவர் குடிக்கும் பானத்துக்கும் அதே கவனத்தைக் கொடுங்கள். அப்போது மதுவின் விலை என் கட்டணத்தில் கலந்திருப்பதை நான் கேள்வி கேட்க மாட்டேன்.

கொடை ஆசிரியை (கொடைக்கானல்)

ஐயா, உங்கள் கடைசிப் பகுதியை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அறையில் கெட்டில் இருக்குமா என்று கேளுங்கள் என்றார். எங்கள் கப்பலில் இல்லை.

கூடலூர்க் கப்பல் பணியாளர்

அதை நான் சொல்கிறேன். பிரித்தானியப் பயணிகளுக்கென்று ஓடும் கப்பல்களில் அறைக்கு அறை கெட்டில் இருக்கும். அமெரிக்க வழக்கத்தில் ஓடும் கப்பல்களில் பெரும்பாலும் இருக்காது. வீட்டிலிருந்து கெட்டில் கொண்டு வராதீர்கள். சூடேற்றும் சுருள் உள்ள பொருளைத் தீ ஆபத்துக் கருதி ஏறும் இடத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டு, பயணம் முடிந்த பிறகுதான் தருவார்கள். இலையைக் கொண்டு வரலாம். தேயிலைப் பொட்டலத்தை உடைக்காமல் அப்படியே வையுங்கள்.

ஏறிய அன்றே அறைப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். உணவுக்கூடத்தில் நிற்கும் பெரிய கலத்து நீர் உங்களுக்குப் போதாது. சமையற்கட்டுக் கொதிநீர் வேண்டும், பீங்கான் குடுவை வேண்டும், பால் தனியாக, சூடாக வேண்டும் என்று பிரித்துச் சொல்லுங்கள். சொகுசுக் கப்பலில் இதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள். என் கப்பலில் கோழிக்கோட்டுப் பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரவு வேலை முடிந்ததும் எங்களுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொள்வதும் அதே கொதிநீரில்தான்.

வண்டிச்சோலைக்காரர் (குன்னூர்)

நன்றி தம்பி. எழுநூறு பேர் போகும் அந்தச் சிறிய கப்பலுக்கே முன்பணம் கட்டச் சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் முகவர் வழியாக நிறுவனத்துக்கு மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்பியிருக்கிறேன்: தேநீருக்குக் கொதிநீர் எங்கிருந்து வரும், பையில்லாத இலைத் தேயிலை எந்தெந்த வகை வைத்திருக்கிறார்கள், மது வேண்டாத பயணிக்கு அதற்கு ஈடாகக் கரைச் சுற்றுலாவிலோ வேறு வகையிலோ ஏதேனும் தருவார்களா. மூன்றாவதற்கு இல்லை என்றுதான் பதில் வரும் என்று முகவர் சொன்னார். இருந்தாலும் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே பதிகிறேன். அரை கிலோ ஆர்த்தடாக்ஸ் இலையை (தூளாக்காமல் சுருட்டிப் பதப்படுத்திய தேயிலை) மனைவி இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.